கோழி எருவில் விளைந்த முதல் தார்

கோழி எரு என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுளிக்கட்டும். சுளித்த மூக்கோடேதான் என் தோட்டத்துப் பழத்தை உரித்துத் தின்றார்கள். அதை நான் என் கண்ணால் பார்த்தவள்.

அது ஐம்பதுகளின் பிற்பகுதி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையை ஒட்டி ஒரு வாழைத் தோட்டத்தை நானும் என் வீட்டுக்காரரும் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தோம். நிலம் சித்திரை வீதியில் இருந்த ஒரு ஐயங்காருடையது. நாங்கள் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. வெள்ளம் வந்து வாழை சாய்ந்த வருஷம் குத்தகையை முழுசாக விட்டுக்கொடுத்தவர். ஆனால் ஆசாரம் என்று வந்துவிட்டால் மனிதர் கல்லாகிவிடுவார். அவர் வீட்டுப் பெருமாளுக்குப் படைக்கிற பழம் எங்கள் தோட்டத்திலிருந்துதான் போக வேண்டும், அதுவும் ரஸ்தாளிதான்.

குத்தகைக்கு எழுத்து ஒன்றும் கிடையாது. அவர் அப்பா காலத்திலிருந்து ஒரே வழக்கம். ஒவ்வொரு வெட்டிலும் முதல் தாரை அவர் வீட்டு ரேழியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ரேழி என்பது வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற இடைகழி. அவர் வந்து தாரைத் தன் கையால் தூக்கி உள்ளே கொண்டுபோனால் தோட்டம் அடுத்த வருஷமும் எங்களுக்கு. தொடாமல் விட்டால் காலி செய்ய வேண்டியதுதான். வைத்த தாரை நாங்களே திரும்ப எடுத்துக்கொண்டு போனால், சரி, ஒழிகிறோம் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். குத்தகைக்காரனைக் காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அந்த ரேழிதான் சட்டம்.

அப்படிப்பட்ட தோட்டம் ஓய்ந்துபோனது. எங்கள் மாடுகள் கோமாரியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. மாடு போனால் சாணம் போச்சு, சாணம் போனால் எரு போச்சு. சொசைட்டியில் விற்ற சீமை உப்பு உரம் சொந்த நிலம் இருக்கிறவனுக்குத்தான் கடனில் கிடைக்கும். மண் வெளுத்து, தார் சிறுத்து, காய் விரல் பருமனுக்கு வந்தது. அந்த வெட்டின் முதல் தாரைச் சாமி தூக்கினார். ஒற்றைக் கையால் தூக்கினார். தூக்கிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"என்னப்பா இது, தாரா தொடப்பமா? அடுத்த வெட்டுக்கும் இப்படியே வந்துதுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்க வேண்டியதுதான்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் அப்படித்தான். உழைப்பில் புலி, வாயைத் திறக்கச் சொன்னால் பூனை. அந்தத் தோட்டம் போனால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கூலிக்குப் போகலாம், ஏன் போகக் கூடாது என்று கேட்பீர்கள். பத்து வருஷம் கன்று நட்டு, பக்கக் கன்று அறுத்து, முட்டுக் கொடுத்து வளர்த்த மண்ணை இன்னொருத்தன் மிதிப்பான், நான் அங்கேயே கூலிக்கு நிற்பேனா? மாட்டேன்.

நான் பொன்மலை ரயில்வே காலனிக்குக் கூடையில் பழம் கொண்டுபோய் விற்பேன். அங்கே ஒரு வீட்டில் ரிட்டயரான என்ஜின் டிரைவரின் சம்சாரம், கவுன் போட்ட அம்மா, கொட்டகை போட்டு வெள்ளைக் கோழி வளர்த்தார். நம் ஊர்க் கோழி மாதிரி குப்பையைக் கிளறித் திரிகிற ஜாதி இல்லை அவை. கொட்டகைக்குள் தரையெல்லாம் கடலைத்தோல் பரப்பி, அதன் மேலேயே மேய விட்டிருந்தார். எச்சமும் தோலும் கலந்து கெட்டித்துப்போனதும் சுரண்டிப் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டுவார். பள்ளம் நிரம்பி வழிந்தது. அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் சண்டைக்கு வருகிறார்கள் என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

"நான் எடுத்துக்கிட்டுப் போகட்டுமாம்மா?" என்றேன்.

"மொத்தமும் எடு. உனக்குப் புண்ணியம் உண்டு" என்றார்.

வாடகை வண்டி பிடித்து முதல் நடை ஏற்றினோம். அப்பப்பா, அந்த நெடி! கண்ணில் நீர் கொட்டியது. வண்டிக்காரர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "இனிமே என்னைக் கூப்பிடாதீங்க தாயி" என்றார். அடுத்த நடைக்கும் அவர்தான் வந்தார், அது வேறு விஷயம்.

எரு என்றால் வேரில் கொட்ட வேண்டியதுதானே? சாணத்தை அப்படித்தானே போடுவோம்? என் வீட்டுக்காரர் ஓர வரிசை வாழைகளுக்குக் கூடை கூடையாகக் கொட்டித் தண்ணீர் பாய்ச்சினார். கொஞ்ச நாளில் அந்த வரிசை இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்கியது. பச்சைக் கோழி எச்சம் அத்தனை சூடு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஊர் மட்டும் உடனே சொல்லிவிட்டது. பெருமாளுக்குப் போகிற தோட்டத்தில் கோழிப் பீயைக் கொட்டினாள், பெருமாள் பொசுக்கிவிட்டார் என்று. பெருமாளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள், என் வாழையைப் பொசுக்கத்தான் படுத்திருக்கிறார்!

மிச்ச எருவைக் கிணற்றடியில் வாழைச் சருகு குவித்திருந்த இடத்தில் தள்ளிவிட்டு அதை மறந்தே போனோம். மழை பெய்தது. ஒரு நாள் பார்க்கிறேன், அந்தக் குவியலில் தானாக ஒரு பரங்கிக் கொடி கிளம்பியிருக்கிறது. சாதாரணக் கொடி இல்லை. கிணற்றைச் சுற்றிக்கொண்டு, ஏற்றத்தில் ஏறி, வரப்பைத் தாண்டிப் போயிருந்தது. இலை ஒவ்வொன்றும் முறம். குவியலைக் கையால் கிளறினேன். சருகு எது, எச்சம் எது, கடலைத்தோல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் கறுத்து, உதிர் உதிராக, மண் மாதிரியே இருந்தது. மோந்து பார்த்தேன். நாற்றமே இல்லை. அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிவந்தார்.

அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. குழி வெட்டினோம். ஒரு அடுக்கு வாழைச் சருகும் வெட்டித் துண்டாக்கிய வாழைத் தண்டும், ஒரு அடுக்கு கோழி எச்சம், மேலே கொள்ளிடத்து வண்டல். தண்ணீர் தெளித்து, மறுபடி அதே அடுக்கு. மேலே சேற்றைப் பூசி மூடிவிடுவோம். உள்ளே வேகிறதா என்று பார்க்கக் கடப்பாரையைச் செருகி வைத்து உருவுவேன். பிடிக்க முடியாமல் சுட்டால் வேகிறது என்று அர்த்தம். சூடு தணிந்தால் மொத்தத்தையும் வெட்டிப் புரட்டிப் போடுவோம், மறுபடி சூடேறும். புரட்டியும் சூடு ஏறாமல், நெடியும் அடங்கி, கையில் எடுத்தால் ஒட்டாமல் உதிர்ந்தால்தான் அது எரு. அதுவரைக்கும் அது நெருப்பு. இன்றைக்கு இதையே பையில் அடைத்து, பூ படம் போட்டு, டவுன் கடைகளில் விற்கிறார்கள். பூந்தொட்டிக்காம். வாங்குகிறவர்கள் யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

வண்டி நடை அதிகமானது. பொன்மலையிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி அம்மா மண்டபம் வழியாகத்தான் வர வேண்டும். காலையில் காவிரியில் குளித்துவிட்டு ஈர வேட்டியும் தீர்த்தச் சொம்புமாக ஜனங்கள் படியேறி வருகிற நேரமும், எங்கள் வண்டி அந்த இடத்துக்கு வருகிற நேரமும் ஒன்றாகவே அமைந்தன. ஒருவர் திரும்பவும் ஆற்றுக்கே ஓடினார், மறுபடி முழுக்குப் போட. இன்னொருவர் வண்டியை மறித்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு வேற பாதை கெடைக்கலியா? ஊரையே நாறடிக்கிறியே!"

"ஆத்து மேல பறந்து வரத் தெரிஞ்சா வந்துடுவேங்க. எனக்குத் தெரியாதே! வழி விடுங்க, வெயில் ஏறினா இன்னும் நாறும்" என்றேன்.

வழி விட்டார்.

இந்தப் பேச்செல்லாம் சித்திரை வீதிக்குப் போகாமல் இருக்குமா? சாமி ஒரு நாள் தோட்டத்துக்கே வந்துவிட்டார். குடையை மடக்கிக்கொண்டு குழிக்கு ரொம்ப தூரத்திலேயே நின்றார்.

"நான் கேள்விப்படறது நெஜமா? கோழி எச்சத்தையா போடறேள் என் தோட்டத்துல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

"ஆமாங்க சாமி. மக்க வெச்சுத்தான் போடுறோம். வாசனையே இல்லீங்க, வந்து பாருங்க."

"பார்க்கறதா! பெருமாள் கண்டருளற பழம் அது. ஒரு பட்சியோட அசுத்தத்துல வெளஞ்சதை நான் எப்படிப் பெருமாளுக்குக் காட்டுவேன்?"

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"பெருமாள் ஏறிப் போறதே பட்சி மேலதானே சாமி? கருடன் எச்சமே போடாதுங்களா? கோபுரம் பூரா புறாவும் கிளியும் அடைஞ்சு கெடக்கு. அதுங்க எச்சம் படாத எடம் கோயில்ல எங்க இருக்கு, சொல்லுங்க?"

"ரங்கா, ரங்கா!" என்று சாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். குடை கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு சாமி ஒன்றுதான் சொன்னார்.

"அந்தக் குழியை மூடிடு. இல்லேன்னா முதல் தாரை நான் தொடமாட்டேன்."

அன்றைக்கு வீட்டில் சண்டை. மூடிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். மூடினால் தார் சிறுக்கும், சிறுத்தால் தோட்டம் போகும். மூடாவிட்டாலும் தோட்டம் போகும். "ரெண்டு வழியிலும் போகும்னா நல்லா வெளைஞ்சுட்டுப் போகட்டுமே" என்றேன். மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குழியைப் புரட்டினார். அதுதான் அவர் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் வாழை வந்த வரத்தை என்னவென்று சொல்வேன்! மரம் கறுத்துத் திரண்டு நின்றது. குலை தள்ளினபோது ஒற்றை முட்டு போதாமல் இரட்டை முட்டுக் கொடுத்தோம். என்னைக் கேலி பேசினவர்கள் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லாமல் போனதே எனக்குப் போதுமாக இருந்தது.

முதல் தாரை வெட்டி ரேழியில் கொண்டுபோய் வைத்தோம். சாமி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். தாரின் மேல் கண் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் உள்ளே போய்விட்டார். தொடவில்லை. என் வீட்டுக்காரர் கண் கலங்கிப் போய்த் தாரைத் திரும்ப எடுக்கக் குனிந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க. நாம எடுத்தாத்தானே தோத்தோம்? அது பாட்டுக்கு இங்கேயே கெடக்கட்டும்."

கிடந்தது. தினமும் சாயங்காலம் தோட்டத்து வேலை முடிந்ததும் நான் சித்திரை வீதிக்குப் போவேன். வாசலில் நின்று, "சாமி, தார் இங்கேதாங்க இருக்கு" என்று குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து பதில் வராது. திரும்பி வந்துவிடுவேன். அந்த வீட்டார் தாரைத் தொட்டு ஓரமாக நகர்த்தவும் முடியாது. தொட்டால் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடுமே! ரேழியோ ஒடுக்கமானது. சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நடப்பார். கோயிலுக்குப் போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

தார் பழுக்க ஆரம்பித்தது. ரஸ்தாளி பழுத்தால் சும்மா இருக்குமா? வாசனை முதலில் கூடத்துக்குப் போனது, அப்புறம் வாசலுக்கு வந்தது, அப்புறம் பக்கத்து வீடுகளுக்கும் போனது. தெருவில் போகிறவர்கள் நின்று மூச்சை இழுத்தார்கள். "யார் வீட்டுப் பழம் இது?" என்று கேட்டார்கள். கோழி எருப் பழம் என்று தெரிந்தவர்களும் மூச்சை இழுக்காமல் போகவில்லை.

எல்லோரும் ஒரு ஆளை மறந்துவிட்டார்கள். சாமி வீட்டில் ஒரு பசு இருந்தது. கொட்டில் கொல்லையில். கொல்லைக்கு வேறு வழி கிடையாது; அந்தத் தெரு வீடுகள் பலவற்றில் மாடும் மனிதரும் ஒரே வாசலால்தான் போய்வர வேண்டும். காலையில் மேயப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் பசு ரேழி வழியாகத்தான் நடக்கும். மாட்டுக்காரர் கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தாரைத் தாண்டிக் கொண்டுபோவார். தார் நன்றாகப் பழுத்த அன்றைக்கு அவரால் பிடிக்க முடியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் நின்றுகொண்டிருக்கிறோம், எங்கள் கண்ணெதிரே பசு தலையை ஒரு உதறு உதறிக் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஒரு சீப்பைத் தோலோடு வாயில் வாங்கிவிட்டது. அப்புறம் இன்னொரு சீப்பு. மாட்டுக்காரர் கத்தினார். சாமி ஓடிவந்தார். வந்து என்ன செய்ய? பசுவை அடிக்க முடியாது. தாரைத் தொட முடியாது. "ஹை, ஹை" என்று கையை வீசிக்கொண்டு நின்றார். அது நிதானமாக மென்றது.

சாமியின் சம்சாரம் கூடத்து நிலைப்படியில் வந்து நின்றார்கள். அந்த அம்மா எங்களிடம் அதிகம் பேசியதே இல்லை. சாமியைப் பார்த்துக் கேட்டார்கள்.

"நாளைக்குக் கார்த்தால பெருமாளுக்கு இந்தப் பசுவோட பால்தானே?"

சாமி பசுவைப் பார்த்தார், தாரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சரி. பசு ஏத்துண்டுடுத்து. தோட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா இத்தோட அந்த எருவை நிறுத்திடணும்."

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். தோட்டம் பிழைத்தது என்று எனக்கும் நெஞ்சு ஒரு கணம் லேசானது. மறுகணமே கொதித்தது. மாடு தின்றதால் போனால் போகிறது என்கிறார். நாங்கள் புரட்டிய குழிக்கு, வெந்த கைக்கு, ஊர் வாயில் விழுந்து எழுந்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. எருவை நிறுத்தினால் அடுத்த வெட்டுக்கு மறுபடி துடைப்பம்தான். மறுபடி இதே ரேழியில் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

"அது ஆகாதுங்க சாமி" என்றேன்.

என் வீட்டுக்காரர் விழுந்தபடியே என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.

"எரு போடாம அந்த மண்ணுல ஒண்ணும் வராதுங்க. போட்டேன், போடுவேன். மாடு தின்னுச்சுன்னு குடுக்குற தோட்டம் எங்களுக்கு வேணாம். நாளைக்கு இன்னொரு தார் கொண்டு வரோம். அதே எருவுல வெளைஞ்சது. மனசு இருந்தா உங்க கையால வாங்கிக்கோங்க. இல்லேன்னா நாங்களே தூக்கிக்கிட்டு, தோட்டத்தை விட்டுட்டுப் போயிடுறோம்."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. கையில் வந்த தோட்டத்தை நானே தூக்கி எறிந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே வந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவருக்குத் தெரியாமல் அடக்கிக்கொண்டேன்.

விடிந்து எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். தோட்டத்துக்கு ஓடினேன். அவர் தாரை வெட்டி இறக்கிச் சருகு விரித்த வரப்பில் வைத்திருந்தார். நானாக இருந்தால் அந்தத் தாரை வெட்டச் சொல்லியிருக்கமாட்டேன். தோட்டத்திலேயே பெரியது அது, சந்தைக்கென்று வைத்திருந்தது.

"இதையா?" என்றேன்.

"பின்னே? சின்னதாக் கொண்டுபோனா நீ போட்ட சத்தத்துக்கு மரியாதை என்ன இருக்கு?" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மனிதர் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான்.

தோளில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். சித்திரை வீதிக்குள் நுழைந்தபோது செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. வாசலுக்கு வாசல் ஆட்கள். சாமி குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, ரேழியில் நின்றிருந்தார். பழைய தாரின் மிச்சத்தைக் காணோம். ரேழி கழுவியிருந்தது. என் வீட்டுக்காரர் தாரைக் கீழே வைக்கவில்லை. தோளிலேயே வைத்துக்கொண்டு அவர் எதிரில் நின்றார். சாமியின் கை இரண்டும் பக்கவாட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"யோசிச்சது போறும், வாங்கிக்கோங்கோ. திருவாராதனத்துக்கு நாழியாறது."

சாமி என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. மெதுவாக இரண்டு கையையும் நீட்டினார். என் வீட்டுக்காரர் குனிந்து தாரை அந்தக் கைகளில் இறக்கினார். மனிதர் முன்னால் சாய்ந்து, சுவரில் தோளைக் கொடுத்துச் சமாளித்து நின்றார்.

"என்னப்பா இது! இந்தக் கனம் கனக்கறதே!"

"கனக்கும் சாமி, கோழி எருவுல வெளைஞ்சது" என்றேன். "கீழ போட்டுடாதீங்க."

அவர் போடவில்லை. தாரை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே தூக்கிப்போனார்.